எந்த வீட்டில் விழுந்தீர்கள்?

1

அமெரிக்காவில் கீழே விழுந்தால் கோடி கோடியாகக் கொட்டுமாமே என்று ஊரிலிருந்து இதுவரை ஏழு பேர் கேட்டுவிட்டார்கள். ஏழாவது ஆள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் என் சித்தப்பா மகன். அவன் கேள்வி இன்னும் விவரமானது. "எங்க விழுந்தா ஜாஸ்தி குடுப்பாங்கக்கா, கடையிலயா ரோட்லயா?" இடம் பார்த்து விழ ஆள் தயாராக இருக்கிறான். விசாதான் இன்னும் வரவில்லை.

நான் விழுந்தது உண்மை. வருகிற வெள்ளிக்கிழமையோடு இரண்டு வருடம் முடிகிறது. நான் இருக்கும் நியூ ஜெர்சி மாநிலத்தில், அடுத்தவர் கவனக்குறைவால் அடிபட்டவர் வழக்குப் போட இரண்டு வருடம்தான் கெடு. சனிக்கிழமை போய் நின்று கையைக் காட்டி அழுதாலும் யாரும் கேட்க மாட்டார்கள். இன்றைக்கு ஞாயிறு. எனக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

வழக்குப் போடுங்கள் என்று வக்கீல் சொல்கிறார். போடு என்று என் வீட்டுக்காரரும் சொல்கிறார். யார் மேல் போட வேண்டுமோ அவளும் போடு என்றுதான் சொல்கிறாள். அவள் நான் பெற்ற மகள். எனக்குத்தான் மனசு வரவில்லை.

கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். நான் சட்டம் படித்தவள் இல்லை, துணி தைக்கிறவள். வக்கீலிடம் நான் கேட்டதையும் அவர் சொன்னதையும் எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் படித்துக் காட்டுங்கள். நான் செய்த தப்பை அவர்களாவது செய்யாமல் இருக்கட்டும்.

2

முதலில் விழுந்த கதை.

என் மகள் நித்யாவைக் கட்டியிருப்பது இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பையன். ஆனால் அவருடைய அம்மா புவனேஸ்வரி நம் செவிலிமேட்டுக்காரர். அரை மணி நேர ஓட்டத்தில் சம்பந்தி வீடு, அதுவும் காஞ்சிபுரத்துச் சம்பந்தி. இதைவிட என்ன வேண்டும் என்று பூரித்துப்போய் இருந்தோம். சம்பந்தி ஐயா போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகிவிட்டது. அம்மா, மகன், என் மகள் மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

நித்யாவின் வளைகாப்பை அந்த வீட்டு பேஸ்மென்டில் வைத்திருந்தோம். இங்கே வீடுகளில் தரைக்குக் கீழே ஒரு கூடம் கட்டியிருப்பார்கள். அதுதான் பேஸ்மென்ட். விழாவுக்காக ஒரு பெரிய சோபாவைக் கீழே இறக்க வேண்டியிருந்தது. படிக்கட்டுக் கைப்பிடி இடித்ததால் மாப்பிள்ளை அதைக் கழற்றிவிட்டார். திரும்ப மாட்ட நேரம் கிடைக்கவில்லை. மேலிருந்து மூன்றாவது படியில் கார்ப்பெட் வேறு பிய்ந்து தூக்கிக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் எல்லோரும் மேலே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வளையல் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கட்டியிருந்தது பட்டுப்புடவை, இரண்டு கையிலும் தட்டு. மூன்றாவது படியில் கால் மாட்டி, கீழே தரை வரைக்கும் போய் இடது கையை ஊன்றி விழுந்தேன். கண்ணாடி வளையல் பாதிக்கு மேல் நொறுங்கிவிட்டது.

பெண்ணின் வளைகாப்பு அன்றைக்குப் பெற்றவளே வளையல் தட்டோடு விழுந்தால் அதற்கு என்ன அர்த்தம் சொல்வார்கள் என்று நம் ஊர்ப் பெண்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வலி தெரிவதற்கு முன்னால் எனக்கு அந்தப் பயம்தான் தெரிந்தது. கீழே இருந்தது புவனேஸ்வரி அம்மா மட்டும்தான். தான் தாலியில்லாதவள், வளையல் அடுக்கும்போது எதிரே வரக் கூடாது என்று பிடிவாதம் பிடித்து, ஒரு மூலையில் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு நின்றுகொண்டிருந்தார். அவர் எதிரில் நான் விழுந்தேன் என்று தெரிந்தால் பழி யார் தலையில் ஏறும்?

"ஐயோ சம்பந்தி!" என்று ஓடி வந்தார்.

"சத்தம் போடாதீங்க. யாருக்கும் தெரிய வேணாம்" என்றேன். அவர் சொல்லி நான் மறைக்கவில்லை, மறைக்கச் சொன்னது நான்தான். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேருமாக உடைசலைப் பெருக்கி ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் கொட்டி மூடினோம். மிஞ்சிய வளையலை வைத்து விழா நடந்தது. நித்யா கையில் முதல் வளையலை நான்தான் போட்டேன். ஒவ்வொரு வளையலுக்கும் எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது. போட்டோவில் பார்த்தால் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு சிரிக்கிறவருக்கு எலும்பு முறிந்திருக்குமா என்று எதிர்த்தரப்பு அந்தப் போட்டோவைக் காட்டிக் கேட்குமாம்.

3

மறுநாள் கை பூசணிக்காய் மாதிரி வீங்கியது. பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன். அங்கே ஒரு நர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி எப்போது விழுந்தீர்கள், எப்படி விழுந்தீர்கள், எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டாள்.

"மை ஹோம். கிச்சன். வாட்டர்" என்றேன்.

இருபத்திரண்டு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். என் ஆங்கிலம் கடைக்குப் போய் வர, அளவு எடுக்க, அவ்வளவுதான் தேறும். ஆனால் அன்றைக்கு அந்தப் பொய் மட்டும் தட்டுத் தடுமாறாமல் வந்தது. அவள் டைப் அடித்தாள். அந்த ஒரு வரிதான் இன்றைக்கு என் கழுத்தில் கிடக்கிறது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று வக்கீல் பிற்பாடு கேட்டார். அவருக்கு எப்படி விளக்குவது? ஊரில் அடிபட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் முதல் வேலையாக ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதுவார்கள். எழுதினால் போலீசுக்குத் தகவல் போகும். அங்கே ஒருவர் பெயரைச் சொல்வதும் அவர் மேல் புகார் கொடுப்பதும் ஒன்றுதான். அதனால் நல்ல மனிதர்கள் எல்லோரும் தானாகத்தான் விழுவார்கள். சம்பந்தி வீட்டு முகவரியை ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஏற்ற என் நாக்கு எழும்பவில்லை.

என் தம்பி குமரேசனும் தானாக விழுந்தவன்தான். பட்டு நூல் மூட்டையை வண்டியில் வைத்துக்கொண்டு தென்னேரி ஏரிக்கரைப் பக்கம் வந்தபோது ஒரு வேன் இடித்துவிட்டது. வேன்காரர் எங்கள் தெருவில் பெண் எடுத்தவர். ஆஸ்பத்திரி வாசலிலேயே பேசி முடித்தாகிவிட்டது. தம்பி உள்ளே போய், வண்டி சறுக்கி நானே விழுந்தேன் என்று சொன்னான். வேன்காரர் ஒரு மாதம் ஆப்பிளும் ஆர்லிக்சும் வாங்கிக்கொண்டு வந்தார். கால் கோணலாகச் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தபோது அவர் வருவதை நிறுத்தியிருந்தார். வேனுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதே, கேட்கலாம் என்று தம்பி ஒரு வக்கீலிடம் போனான். அவர் ரிஜிஸ்டர் நகலை வாங்கிப் படித்துக் காட்டினார். அதில் வேன் என்ற சொல்லே இல்லை. தம்பி இன்றைக்கும் மாடி ஏறினால் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்றுதான் ஏறுவான்.

என் கதையை வீடியோ காலில் அவனிடம் சொன்னேன்.

"ஆஸ்பத்திரில இன்னா சொன்னக்கா?"

"எங்க வூட்டு கிச்சன்ல வழுக்கிடுச்சின்னு."

"என் கால பாத்துக்கினே இருந்தியேக்கா. பாத்துக்கினே இருந்துட்டு நீயும் போய் அதையே சொல்லிக்கினு வந்திருக்கியே" என்றான். சிரிக்கத்தான் பார்த்தான், முடியவில்லை.

4

கிளினிக்கில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முறிவு எதுவும் தெரியவில்லை, சுளுக்காக இருக்கலாம், பட்டை கட்டிக்கொள்ளுங்கள், வலி நிற்காவிட்டால் இரண்டு வாரத்தில் மறுபடி வாருங்கள் என்றார்கள். நான் போகவில்லை. பட்டையோடு திரிந்தால் நித்யா என்ன ஏது என்று கேட்பாள். அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கழற்றி வைத்துவிட்டுப் போவேன்.

பிறகு பேரன் பிறந்தான். பிள்ளை பெற்ற பெண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டியது நான்தானே. மூன்று மாதம் இருந்தேன். காலை நீட்டிப் பிள்ளையைப் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, மூக்கு நீவி எடுத்தேன். பிள்ளை வழுக்காமல் இருக்க இடது கையால்தான் கழுத்தைத் தாங்குவேன். நித்யா அதை வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டாள். உங்கம்மா எவ்வளவு லாவகமாகக் குளிப்பாட்டுகிறார்கள் என்று அவள் சிநேகிதிகள் எல்லோரும் இதயம் இதயமாகப் போட்டிருந்தார்கள். அந்த வீடியோவையும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று வக்கீல் சொன்னார். அடிபட்டவர்களே, உங்கள் வீட்டு இன்ஸ்டாகிராமில் ஒரு கண் வையுங்கள்.

ஒரு வருடம் போல் இப்படியே ஓட்டினேன். துணி தைக்கிற வேலையில் வலது கை ஓட்டுகிறது, இடது கைதான் துணியை நகர்த்தி நேர் பிடிக்கிறது. என் தையல் கோண ஆரம்பித்தது. கல்யாண கவுன் ஒன்றின் ஓரம் அலை அலையாக வந்துவிட்டது. கடைக்காரர் நல்ல மனிதர். அவர் எதுவும் சொல்லாமல் வேலை நாளை மட்டும் ஒவ்வொன்றாகக் குறைத்தார். கடைசியில் எலும்பு டாக்டரிடம் போனேன். மணிக்கட்டுக்குள் ஒரு சின்ன எலும்பு முதல் நாளே முறிந்திருக்கிறது, ஆரம்பத்தில் அது படத்தில் தெரியாமல் போவதும் உண்டு, அசைத்து அசைத்துச் சேர விடாமல் செய்துவிட்டீர்கள் என்றார். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்துத் தைக்க வேண்டும், ஆறு மாதம் வேலை பார்க்கக் கூடாது, இன்னும் தள்ளிப்போட்டால் மணிக்கட்டு இறுகி மடங்காமலே போய்விடும் என்றும் சொன்னார்.

எனக்கு இருக்கும் மருத்துவ இன்சூரன்ஸ் அரைகுறை. அதைச் சொல்லி உங்களை அழ வைக்க விரும்பவில்லை. அந்த இன்சூரன்ஸிலிருந்து ஒரு படிவம் வந்தது. இந்தக் காயம் வேறொருவருடைய இடத்தில் ஏற்பட்டதா, ஆம் என்றால் யாருடைய இடம் என்று கேட்டிருந்தார்கள். அதைத் துண்டுத் துணிப் பெட்டிக்கு அடியில் செருகி வைத்தேன். மறுபடி வந்தது. மறுபடி செருகினேன். மூன்றாவது படிவம் வந்த அன்று என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். இருபது வருடமாகக் கிடங்கில் வேலை செய்கிறவர், சக தொழிலாளி ஒருவர் அடிபட்டு வக்கீல் வைத்ததை அறிந்தவர். "பேசாம போய் ஒரு வக்கீல பாரு கோமதி. மொத தடவ கேக்கறதுக்குக் காசு வாங்க மாட்டாங்களாம்" என்றார். கெடு முடிய அப்போது மூன்று மாதம் இருந்தது.

5

வக்கீல் ஒரு வெள்ளைக்கார அம்மா. என்னைவிடப் பத்து வயது சிறியவர். மெதுவாகப் பேசினார். நான் எழுதிக்கொண்டு போன கேள்விகளைக் கேட்டேன்.

விழுந்ததற்கெல்லாம் வக்கீலிடம் ஓட வேண்டுமா? வேண்டாம் என்றார். சிராய்ப்பு, வீக்கம், ஒரு வாரத்தில் ஆறுகிற அடிக்கு வக்கீல் எதற்கு? எலும்பு முறிந்தால், தலையில் பட்டால், வேலைக்குப் போக முடியாமல் போனால், வைத்தியம் மாதக்கணக்கில் இழுத்தால் வர வேண்டும். அப்புறம், எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ்காரர் போன் பண்ணி, நீங்கள் சொல்வதைப் பதிவு செய்துகொள்ளட்டுமா என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லும் முன் வர வேண்டும். எந்தக் காகிதத்திலாவது கையெழுத்துக் கேட்டால் போடும் முன் வர வேண்டும்.

எப்போது வர வேண்டும்? "நீங்கள் வந்திருக்க வேண்டியது முதல் வாரம்" என்றார். அன்றைக்கே வந்திருந்தால் கைப்பிடி இல்லாத படிக்கட்டைப் படம் பிடித்திருக்கலாமாம். இப்போது அங்கே பளபளவென்று புதுக் கைப்பிடி இருக்கிறது.

என் மேலும் தப்பு இருக்கிறதே, இரண்டு கையிலும் தட்டு வைத்திருந்தேனே? அதையும் எடை போடுவார்கள், உங்கள் பங்கு எவ்வளவோ அவ்வளவு குறையும் என்றார்.

வக்கீலுக்கு யார் கொடுப்பது? ஜெயித்தால் வருவதில் ஒரு பங்கு, தோற்றால் அவருக்குக் கூலி இல்லை. ஆனால் கோர்ட்டுச் செலவு யாருடையது என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

பிறகு அவர் கிளினிக் காகிதத்தை எடுத்தார். சொந்த வீடு, சமையலறை, தண்ணீர். "இது என்ன?" என்றார். நான் உண்மையைச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இதைத் திருத்தச் சொல்லி விண்ணப்பம் கொடுக்கலாம், ஆனால் பழைய வரி அழியாது, பக்கத்திலேயே கிடக்கும் என்றார். வீட்டுக்கு வந்தவர் அடிபட்டால் பணம் கொடுப்பதற்காக அந்த வீட்டுக்கு எடுத்திருந்த இன்சூரன்ஸின் கம்பெனிக்கு எழுதிப் பார்த்தார். எதிர்பார்த்தபடியே அவர்கள் அந்த ஒரு வரியைக் காட்டி முடியாது என்றுவிட்டார்கள். இனி வழக்குத்தான் மிச்சம் என்றார்.

"என் சம்பந்தி மேல எப்படி?" என்று கேட்டேன்.

அவர் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். வீட்டுப் பத்திர நகல். "இந்த வீட்டில் உங்கள் சம்பந்திக்கு உரிமையே இல்லை. கல்யாணமான மறு வருடமே மகன் பெயருக்கும் மருமகள் பெயருக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டார். வழக்கு இவர்கள் இருவர் மேலும்தான். பணம் கொடுக்கப்போவது இன்சூரன்ஸ் கம்பெனி. ஆனால் சட்டப்படி கம்பெனி பெயரைப் போட முடியாது. வீட்டுக்காரர் பெயரைத்தான் போட வேண்டும்."

சம்பந்தி வீடு, சம்பந்தி வீடு என்று நான் பொய் சொல்லிக் காப்பாற்றியது என் மகளின் வீட்டை. அது எனக்குத் தெரியாது. அந்த அம்மாவும் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை.

வக்கீல் அலுவலகப் படிவத்தில் எதிராளிக்கு நீங்கள் என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. அம்மா என்று எழுதினேன். மறுநாள் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்து, தவறான கட்டத்தில் எழுதிவிட்டீர்கள் போலிருக்கிறது, சரிபாருங்கள் என்றாள். சரிதான் என்றேன்.

6

நித்யாவிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து, வழக்கென்றதும் பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் வழக்கைக் காதிலேயே வாங்கவில்லை.

"வளைகாப்பு அன்னிக்கா? எனக்கு வளையல் போட்டியே, அதுக்கு முன்னாடியா?"

"ஆமாம்மா."

"பேபிய குளிப்பாட்டினது அந்தக் கையாலயா?"

இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வரும்போது முகம் கழுவியிருந்தாள்.

"கேஸ் போடும்மா. இதுல பர்சனலா ஒண்ணும் இல்ல. என் பேரு பேப்பர்ல இருக்கும், அவ்ளோதான். இன்சூரன்ஸ் எதுக்குக் கட்டறோம்?"

"பெத்த பொண்ணு மேல கேஸ் போட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

"யாரு சொல்லுவா?"

ஊரில் என்றேன். அவளுக்கு ஊர் என்றால் நான்கு வருடத்துக்கு ஒரு முறை போய், கோயில் கூட்டத்தில் மயக்கம் போட்டு, காந்தி ரோட்டில் புடவை எடுத்து வருகிற இடம். அங்கே இருக்கிறவர்கள் தன்னைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று அவள் ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்காமல் வளர்ந்திருக்கிறாளே என்று முதல் முறையாக எனக்குப் பொறாமையாக இருந்தது. அதே நேரம் தன் மேல் கேஸ் போடு என்று, காய் வாங்கி வா என்பதைப் போல அவளால் சொல்ல முடிகிறதே. என்னைவிட்டு அவ்வளவு தூரம் போய்விட்டாள். அவள் போன தூரத்தில் நின்றுதான் எனக்கு நல்லது நினைக்கிறாள்.

7

இன்றைக்குப் புதன். நேற்று புவனேஸ்வரி அம்மா போன் செய்தார். வழக்குப் பேச்சு எடுத்ததிலிருந்து எட்டு வாரமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

"சம்பந்தி, ஊர்ல எங்க அண்ணன் காதுக்கே போயிடுச்சி. பெத்த பொண்ணு மேலயே கேஸ் போடறாங்களாமேன்னு கேட்டுக்கினு இருக்காரு. நான் இன்னான்னு சொல்லட்டும்?"

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது சம்பந்தி. ஆனா கை போயிடும்னு சொல்றாங்க."

"நீங்கதான அன்னிக்கி சத்தம் போடாதீங்கன்னீங்க? நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே ஆம்புலன்ஸ கூப்ட்டிருப்பேனே."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. இருந்தாலும், எனக்காகச் சாட்சி சொல்வீர்களா என்று கேட்டேன். நான் அந்தப் படிக்கட்டில் விழுந்ததைப் பார்த்தது அவர் ஒருவர்தான். அவர் வந்து சொன்னால் கிளினிக் காகிதத்தின் பொய் பொய்யென்று நிற்கும். அவர் சொல்லாவிட்டால் என் வாய் வார்த்தை மட்டும்தான்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் போனில் கேட்டது.

"எனக்கு பழி வரக் கூடாதுன்னுதான் மறச்சீங்க. எனக்குத் தெரியாதா? அன்னிலேர்ந்து ஒவ்வொரு விளக்கு ஏத்தும்போதும் உங்க கைய நெனச்சிக்கினுதான் இருக்கறேன்" என்றார். "ஆனா விழுந்தத மட்டும் கேட்டுட்டு வுட மாட்டாங்களாமே. கைப்பிடிய யார் கழட்டினதுன்னு கேப்பாங்களாமே. எம் புள்ளதான் கழட்டினான்னு எந்த வாயால சொல்லுவேன்? உங்க பொண்ணு மேல கேஸ் போட உங்களுக்கு மனசு வரல இல்ல? அதே மாரிதான எனக்கும்?"

"ஆமா சம்பந்தி" என்றேன். அவரிடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

வழக்குப் போட்டால் பெண் மேல் போட வேண்டும், சாட்சியும் இல்லை. போடாவிட்டால் கை போய்விடும், பிழைப்பும் போய்விடும். உண்மையைச் சொன்னால் முதலில் சொன்னது பொய்யாகும், பொய்யிலேயே நின்றால் கடைசி வரை வலியோடு நிற்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது. இரவெல்லாம் இதையே புரட்டிவிட்டு, காலையில் தோசைக்கு ஊற்றிய மாவு கருகும் வரை அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

8

நானே முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். எடுத்தது நித்யா. வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் கார் சாவி.

"கெளம்பும்மா."

"வேணாம்மா. யோசிச்சிக்கலாம்."

"நாளைக்கு யோசிக்க முடியாது. உனக்கு கேஸ் போட வேணாம்னா போடாத. ஆனா பயந்துக்கினு போடாம இருக்காத." வளர்ந்தது இங்கேயானாலும் கோபம் வந்தால் அவளுக்கு என் பேச்சுத்தான் வரும்.

போனோம். வக்கீல் அலுவலகத்தில் முன்னால் இருந்த பெண் என் பெயரைக் கேட்டாள், பிறகு இவர் யார் என்று கேட்டாள். நித்யா தன் பெயரைச் சொன்னாள். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். முகம் மாறியது. மன்னிக்க வேண்டும், இவர் வழக்கில் எதிர்த்தரப்பு, உள்ளே வரக் கூடாது, இங்கே வரவேற்பறையிலும் உட்காரக் கூடாது என்றாள்.

நித்யாவுக்கு எட்டு வயதிலிருந்து இந்த நாட்டில் நான் ஏறிய எல்லா அலுவலகத்திலும் எனக்காகப் பேசியது அவள்தான். பேங்க், பள்ளிக்கூடம், பல் டாக்டர், குடியுரிமை விசாரணை வாசல் வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். அவளும் அதே பழக்கத்தில், "என் அம்மாவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.

"நான் கார்ல இருக்கேன்மா" என்று சொல்லிவிட்டு நித்யா போனாள். கண்ணாடிக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

உள்ளே தனியாகப் போனேன். வக்கீல் மனுவை ஒவ்வொரு வரியாகப் படித்தார். வாதி என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. பிரதிவாதி என்ற இடத்தில் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே, நாங்கள் ஏகாம்பரநாதர் சந்நிதியில் வைத்துப் பெயர் சொன்ன பிள்ளையின் பெயர், முழுசாக, அப்பா பெயரோடு. எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள் என்றார். இல்லை என்றேன்.

"ஒரே ஒரு கேள்வி. இதை உங்கள் வாயால் சொல்ல வேண்டும். நீங்கள் எங்கே விழுந்தீர்கள்?"

"மை டாட்டர்ஸ் ஹவுஸ்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "ஐ ஃபெல் இன் மை டாட்டர்ஸ் ஹவுஸ்."

கையெழுத்துப் போட்டேன். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவர் காகிதம் எடுத்துக் கொடுத்தார். நான் எழுந்தபோது கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும் என்றார். வழக்கு முடியும் வரை நான் விழுந்ததைப் பற்றியோ கையைப் பற்றியோ மகளிடம் ஒரு வார்த்தையும் பேசக் கூடாதாம். என்ன பேசினீர்கள் என்று நாளைக்கு இரண்டு பேரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்பார்களாம். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டேன். ஒரு வருடம் ஆகலாம், இரண்டு வருடமும் ஆகலாம் என்றார்.

கார் கதவை நித்யா உள்ளிருந்து திறந்துவிட்டாள்.

"என்னம்மா கேட்டாங்க? அழுதியா? கை வலிக்குதா?"

"அதப் பத்தி உன்கிட்ட பேசக் கூடாதாம்மா."

ஏறக்குறைய இரண்டு வருடம் நானாக அவளிடம் மறைத்தேன். சொன்ன பிறகு இந்த இரண்டு மாதமாகத்தான் தினமும் கூப்பிட்டு, கை எப்படிம்மா இருக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இனி அதையும் கேட்கக் கூடாது.

என் பக்கம் சாய்ந்து சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டாள். பிறகு வண்டியை எடுத்தாள். வீடு வரும் வரைக்கும், பையன் இருமல் மருந்தைத் துப்பிய கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் ம், ம் என்று கேட்டுக்கொண்டு வந்தேன்.